முளைப்பாரியின் மஞ்சள் நிறமும் இரவை அளக்கும் நெல்லும்: வாசகர் கேள்வி–பதில்

கண்ணும் காதும் நரம்பும் இல்லாத செடி, தன்னைச் சுற்றி நடப்பதை எப்படி அறிந்துகொள்கிறது என்ற ஒரே ஐயம் பல உருவங்களில் இம்முறை வந்த கடிதங்களில் தலைகாட்டியது. ஆகவே இந்த இதழின் கேள்வி–பதில் பகுதியை முழுவதுமாக அதற்கே ஒதுக்கிவிட்டேன். படிக்கும்போது ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். செடியால் இடம்பெயர முடியாது. அது தரக்கூடிய மறுமொழி பெரும்பாலும் இரண்டே வகைதான். உயிரணுக்களில் உள்ள நீரின் அழுத்தத்தை மாற்றி இலையை அசைப்பது ஒன்று. வளரும் திசையையோ வேகத்தையோ மாற்றிக்கொள்வது மற்றொன்று. முன்னது விரைவானது, திரும்பப் பெறக்கூடியது. பின்னது மெதுவானது, வளர்ந்தது வளர்ந்ததுதான்.

வாசகி, திருமங்கலம்: கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போடும்போது, விதை தூவிய சட்டிகளை வெளிச்சம் புகாத அறையில் வைத்து வளர்க்கிறோம். சில நாட்களிலேயே பயிர் நெடுநெடுவென்று எழுந்துவிடுகிறது. ஆனால் வெளிர்மஞ்சளாகவே இருக்கிறது. அதே பயறு வெயிலில் முளைத்தால் பச்சையாகவும் குட்டையாகவும் இருப்பது ஏன்?

இருட்டில் முளைக்கும் விதையைப் பொறுத்தவரை, தான் இருப்பது அறைக்குள் அல்ல, மண்ணுக்கடியில். அறை என்ற ஒன்றை அதன் பரம்பரை கண்டதில்லை. மண்ணுக்கடியில் இருக்கும் முளைக்கு ஒரே ஒரு வேலைதான் உண்டு; விதையில் சேர்த்து வைத்திருக்கும் உணவு தீர்ந்துபோவதற்குள் வெளிச்சத்தை எட்டிவிட வேண்டும். எனவே அது இலையை விரிப்பதிலும் பச்சையம் செய்வதிலும் உணவைச் செலவிடாமல், இருப்பது அனைத்தையும் தண்டின் நீளத்தில் போடுகிறது. பயற்று முளைகளின் நுனி கொக்கிபோல் வளைந்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மண்ணை முட்டிக்கொண்டு மேலே வரும்போது மென்மையான குருத்து நசுங்கிவிடாமல் இருக்கவே அந்த வளைவு. உங்கள் சட்டியில் எழும் நெட்டைப் பயிர், இன்னும் மண்ணுக்கு மேலே வந்து சேராத பயிரின் அவசரத்தைத்தான் காட்டுகிறது.

நிறத்துக்கு வருவோம். பூக்கும் தாவரங்களில் பச்சையம் உருவாகும் வழியில் கடைசிக்கு முன்னதாக ஒரு படி உண்டு. அந்தப் படியில் வேலை செய்யும் நொதிக்கு ஒளி பட்டால்தான் வேலை நடக்கும். இருட்டில் அதற்கு முந்தைய பொருள் சிறிதளவு சேர்ந்து காத்திருக்கும். பச்சை இல்லாததால், இலையில் ஏற்கெனவே உள்ள மஞ்சள் நிறமிகள் கண்ணுக்குத் தெரிகின்றன. முளைப்பாரியை வெளியே எடுத்து வெயிலில் வைத்தால் சில மணி நேரத்திலேயே பச்சை ஏறத் தொடங்கும். ஊர்வலம் போய் நீரில் கரைக்கும் வரை அதைக் கவனித்துப் பாருங்கள்.

வெளிச்சம் வந்துவிட்டது என்று செடிக்கு அறிவிப்பது எது என்பதைக் கண்டறிந்த கதை சுவையானது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் ஆகியோரும் உடன் பணியாற்றியவர்களும் ஒருவகை லெட்டூஸ் கீரையின் விதைகளை ஊறவைத்து, அவற்றின்மேல் சிவப்பு ஒளியைச் சிறிது நேரம் காட்டினார்கள், விதைகள் முளைத்தன. சிவப்புக்குப் பின் உடனே, நம் கண்ணுக்கு அரிதாகவே தெரியும் தொலைச்சிவப்பு ஒளியைக் காட்டியபோது பெரும்பாலானவை முளைக்கவில்லை. சிவப்பு, தொலைச்சிவப்பு என்று மாற்றி மாற்றி எத்தனை முறை காட்டினாலும், கடைசியாக எது பட்டதோ அதன் சொல்லையே விதை கேட்டது. இது 1952இல் வெளியானது. ஒரே பொருள் இரண்டு வடிவங்களுக்கிடையே விசைபோல் மாறி மாறி நிற்கிறது என்று அவர்கள் ஊகித்தார்கள். 1959இல் அந்தப் பொருளை நேரடியாகக் கண்டறியவும் முடிந்தது. பைட்டோகுரோம் என்று பெயர் பெற்ற அந்த நிறமிப் புரதத்துக்கு இன்னொரு திறனும் உண்டு. பச்சை இலைகள் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு தொலைச்சிவப்பைப் பெருமளவில் விட்டுவிடுவதால், மற்றொரு செடியின் நிழலில் சிவப்பு குறைந்தும் தொலைச்சிவப்பு மிகுந்தும் இருக்கும். நெருக்கமாக நட்ட பயிர் ஒன்றையொன்று முந்திக்கொண்டு நெட்டையாவதற்கு அதுவும் ஒரு காரணம். பக்கத்தில் வளரும் செடி தன்மேல் நிழலை வீழ்த்துவதற்கு முன்பே, அதன் இலைகளில் பட்டுத் தெறிக்கும் ஒளியைக் கொண்டே செடி போட்டியாளரை அறிந்துகொள்கிறது.

வாசகர், ஒட்டன்சத்திரம்: விதையைத் தலைகீழாக ஊன்றினாலும் வேர் கீழேதான் போகிறது. மண்ணுக்குள் மேல் எது, கீழ் எது என்று அதற்கு யார் சொல்கிறார்கள்?

வேர் நுனியைத் தொப்பிபோல் மூடியிருக்கும் பகுதியின் உயிரணுக்களில், மாவுச்சத்து நிரம்பிய கனமான மணிகள் உள்ளன. குப்பியில் போட்ட மணலைப் போல அவை எப்போதும் புவியீர்ப்பின் பக்கமாகப் படிகின்றன. அவை படிந்திருக்கும் பக்கத்தைப் பொறுத்து ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் வேரின் அடிப்பக்கத்தில் கூடுதலாகச் சேர்கிறது. வேரில் ஆக்சின் மிகுந்தால் வளர்ச்சி குன்றும். ஆகவே மேல்பக்கம் அதிகமாக நீண்டு, வேர் கீழ்நோக்கி வளைகிறது. தண்டில் அதே ஆக்சின் வளர்ச்சியைத் தூண்டுவதால் தண்டு மேல்நோக்கி வளைகிறது. ஒரே பொருள் இரண்டு இடங்களில் எதிரெதிரான வேலையைச் செய்வது செடிகளின் சிக்கனம்.

வேருக்கு வழிகாட்டுவது ஈர்ப்புதான், ஈரமோ இருட்டோ அல்ல என்று காட்டியவர் இங்கிலாந்தின் தாமஸ் ஆண்ட்ரூ நைட். நீரோட்டத்தால் சுழலும் சக்கரத்தின் விளிம்பில் விதைகளைக் கட்டி அவர் முளைக்கவிட்டதும், வேர்கள் வெளிப்புறமாகவும் தண்டுகள் சக்கரத்தின் நடுவை நோக்கியும் வளர்ந்தன. சுழற்சி வெளிப்புறமாகத் தள்ளும் விசையையே அவை ஈர்ப்பாக எடுத்துக்கொண்டன. இது 1806இல் வெளிவந்த செய்தி. மழைக்காற்றில் சாய்ந்த இளம் நெற்பயிர் சில நாட்களில் கணுவுக்குக் கணு வளைந்து தலைநிமிர்வதும் இதே கணக்கில்தான்.

மாணவி, கோவில்பட்டி: சூரியகாந்திப் பூ நாள் முழுவதும் சூரியனைப் பார்த்துக்கொண்டே திரும்பும் என்கிறார்கள். எங்கள் தோட்டத்துப் பூக்கள் எல்லாம் எப்போதும் கிழக்கையே பார்க்கின்றனவே?

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. தவறு பழமொழிபோல் ஆகிவிட்ட அந்தப் பேச்சில் இருக்கிறது. திரும்புவது பூவல்ல, மலராத இளஞ்செடியின் நுனி. பகலில் தண்டின் கிழக்குப் பக்கம் கூடுதலாக வளர்வதால் நுனி மேற்கே சாய்கிறது. இரவில் மேற்குப் பக்கம் வளர்ந்து, விடிவதற்கு முன்பே நுனியைக் கிழக்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. சூரியன் இல்லாத இரவில் செடி திரும்பி வருவதைக் கவனியுங்கள். அதற்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. இளஞ்செடிகளை அசையாத விளக்கின் கீழ் வைத்தபோதும் அவை சில நாட்கள் பழைய நேரப்படியே ஆடின.

தண்டு வளர்ந்து முடிந்து பூ மலர்ந்தபின் அந்த ஆட்டம் நின்று, முகம் கிழக்கிலேயே நிலைத்துவிடும். இதனால் என்ன பயன் என்று கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பூந்தொட்டிகளைத் திருப்பி வைத்துப் பார்த்தார்கள். கிழக்கு பார்த்த பூக்கள் காலையில் விரைவில் சூடேறின. மேற்கு பார்த்தவற்றைவிட ஐந்து மடங்கு வரை அதிகமான தேனீ முதலிய பூச்சிகள் அவற்றை நாடி வந்தன. 2016இல் வெளியான அந்த ஆய்வை உங்கள் தோட்டத்திலேயே இரண்டு தொட்டிகளைக் கொண்டு செய்துபார்க்கலாம்.

வாசகர், சிதம்பரம்: “புல்லும் மரனும் ஓரறிவினவே” என்கிறது தொல்காப்பியம். தொட்டாற்சிணுங்கியைப் பார்த்தால் அது உண்மை என்றே தோன்றுகிறது. அப்படியானால் செடிக்கு வலிக்குமா?

தொல்காப்பியத்தின் மரபியல், ஓரறிவு என்பதை “உற்றறிவதுவே” என்று தெளிவாகவே வரையறுக்கிறது. அதாவது தொட்டு அறிவது. கண்ணால் காண்பதையும் நாவால் சுவைப்பதையும் செடிக்கு அது தரவில்லை. இன்றைய அறிவியல் ஒளியறியும் திறனையும் அதோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லும். ஆனால் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையைக் கொண்டு வரிசைப்படுத்திய அந்தப் பழைய கண், செடியையும் அறியும் உயிராகவே கண்டது என்பதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை.

தொட்டாற்சிணுங்கியில் நடப்பது இதுதான். ஒவ்வொரு இலைக்காம்பின் அடியிலும், ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் சிறு புடைப்பு ஒன்று உண்டு. அதன் ஒரு பக்கத்து உயிரணுக்கள் நீரால் உப்பி நின்று இலையைத் தாங்குகின்றன. இலையைத் தொட்டவுடன் கால்சியம் அயனிகளின் அலையும் மின்குறிப்பும் உயிரணுவிலிருந்து உயிரணுவுக்குப் பாய்கின்றன. அவை புடைப்பை எட்டியதும் பொட்டாசியமும் குளோரைடும் அந்த உயிரணுக்களைவிட்டு வெளியேற, அவற்றைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகிறது. தாங்கிய பக்கம் தளர்ந்ததும் இலை மடிந்து தொங்குகிறது. பத்து இருபது நிமிடத்தில் நீர் திரும்ப ஏறி இலை பழையபடி விரியும். செடிகளில் மின்குறிப்பு ஓடுகிறது என்பதை நுண்ணிய கருவிகளைத் தாமே வடிவமைத்து அளந்து காட்டியவர்களில் முதன்மையானவர் ஜகதீச சந்திர போஸ். 1917இல் அவர் கல்கத்தாவில் நிறுவிய ஆய்வுக்கூடம் இன்றும் இயங்குகிறது. அவர் காலத்து மேலைநாட்டு உடலியல் அறிஞர்கள் சிலர் அவர் முடிவுகளை ஏளனம் செய்தார்கள். இன்று அந்த மின்குறிப்பு பாடநூலில் இருக்கிறது. மடிவதால் செடிக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு 2022இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு விடை தந்தார்கள். மடிய முடியாதபடி செய்த இலைகளை வெட்டுக்கிளிகள், இயல்பாக மடியும் இலைகளைவிட அதிகமாகத் தின்றன.

இனி வலி. மயக்கமருந்தான ஈதரின் ஆவியில் வைத்தால் தொட்டாற்சிணுங்கி தொட்டாலும் மடியாது என்று பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார்ட் 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். இதைக் கேட்டவுடன், மயக்கமருந்து வேலை செய்கிறதென்றால் விழிப்பும் இருந்திருக்க வேண்டுமே என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. ஈதர் உயிரணுச் சவ்வின் செயலைக் குலைக்கிறது. சவ்வு செடிக்கும் உண்டு, மனிதருக்கும் உண்டு. வலி என்பது காயத்தை அறிவது மட்டுமன்று, அந்த அறிவைத் துன்பமாக அனுபவிப்பது. அதற்கு வேண்டிய நரம்பு மண்டலமோ மூளையோ செடியிடம் இல்லை. காயத்தைச் செடி அறியும். தின்னும் புழுவுக்கு எதிராகக் கசப்புப் பொருள்களைச் சுரக்கும், காயம் படாத இலைகளுக்கும் எச்சரிக்கை அனுப்பும். அதைத் துன்பம் என்று சொல்ல இதுவரை சான்று இல்லை. கீரை ஆய்வதற்குத் தயங்க வேண்டாம்.

அதே வாசகரின் துணைக்கேள்வி: எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் செடிகளுக்கு இசை கேட்கவைத்து ஆராய்ந்தார்களாமே?

ஆம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்த டி. சி. என். சிங், 1950களில் காசித்தும்பை முதலான செடிகளுக்கு வயலின் இசையைக் கேட்கவைத்து, அவை நன்கு வளர்ந்ததாக எழுதினார். அந்த முடிவுகள் உலகெங்கும் பேசப்பட்டன. ஆனால் அறையின் வெப்பம், ஈரம், கவனிப்பு ஆகிய எல்லாவற்றையும் ஒன்றுபோல் வைத்து ஒலியை மட்டும் மாற்றிச் செய்யும் கட்டுப்பாடான சோதனைகளில் இராகத்துக்கென்று ஒரு தனிப் பயன் உறுதியாகவில்லை. பாட்டுக் கேட்கவைப்பவர் செடிக்குக் கூடுதலாக நேரத்துக்குத் தண்ணீரும் ஊற்றுவார் என்பது என் ஐயம்.

செடிக்குப் பயன்படும் அதிர்வு வேறு. கம்பளிப்புழு இலையைக் கடிக்கும்போது எழும் அதிர்வைப் பதிவுசெய்து, புழு இல்லாமலே கடுகுக் குடும்பத்துச் சிறுசெடி ஒன்றின் இலையில் மிசோரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் அதை ஒலிக்கவிட்டார்கள். பின்னர் உண்மையாகவே புழு கடித்தபோது அந்தச் செடிகள் காரமான தற்காப்புப் பொருளைக் கூடுதலாகச் சுரந்தன. காற்றின் அதிர்வுக்கு அந்த விளைவு இல்லை. இது 2014இல் வெளியானது. 2023இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தினர், தண்ணீர் இல்லாமல் வாடும் தக்காளியும் புகையிலையும் மணிக்கு 30 முதல் 50 முறை வரை சொடுக்குப் போன்ற ஒலியை எழுப்புவதாகக் கண்டார்கள். அது நம் காதுக்கு எட்டாத மிகையொலி. நாளிதழ்கள் அதைச் செடியின் அழுகை என்று எழுதிவிட்டன. தண்டின் நீர்க்குழாய்களில் காற்றுக்குமிழி உருவாகி உடைவதே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே கருதுகிறார்கள். விரலில் சொடக்கு எடுப்பதை யாரும் அழுகை என்று சொல்வதில்லை.

பள்ளி ஆசிரியை, பெரம்பலூர்: எங்கள் பள்ளி வளாகத்துத் தூங்குமூஞ்சி மரம் மாலையில் இலையை மூடிக்கொள்கிறது. வெளிச்சம் குறைவதால்தான் மூடுகிறதா, அல்லது நேரம் தெரிந்து மூடுகிறதா? பிள்ளைகள் கேட்கிறார்கள்.

இரண்டும் உண்மை. கார்மேகம் கவிந்தால் நண்பகலிலேயே அது இலையைக் குவித்துக்கொள்வதைப் பார்க்கலாம். அது ஒளி குறைந்ததற்குத் தரும் மறுமொழி. ஆனால் முழு இருட்டில் வைத்தாலும் இலைகள் ஏறத்தாழ நாளொன்றுக்கு ஒரு முறை திறந்து மூடிக்கொண்டிருக்கும். அது உள்ளே இருக்கும் கடிகாரத்தின் வேலை. 1729இல் பிரான்சின் வானியலாளர் த மைரான் என்பவர் சிணுங்கிச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்து, வெயிலைக் காணாமலே அதன் இலைகள் பகலில் விரிவதை அறிவித்தார். உயிர்களுக்குள் கடிகாரம் உண்டு என்ற ஆராய்ச்சி முழுவதும் அந்தச் சிறு குறிப்பிலிருந்து கிளைத்தது. அசையும் பொறி தொட்டாற்சிணுங்கியில் சொன்ன அதே புடைப்புதான். தூங்குமூஞ்சி மரத்தின் புடைப்புகளை 1970களில் அமெரிக்காவில் ரூத் சாட்டர் விரிவாக ஆராய்ந்து, பொட்டாசியம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நாள்தோறும் இடம் மாறுவதைக் காட்டினார்.

அம்மரம் மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. நம் புளிய மரமும் அகத்தியும் இதையே செய்கின்றன. கிறிஸ்து பிறப்பதற்கு முன் நான்காம் நூற்றாண்டில், அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவர்களுள் ஒருவரான ஆந்த்ரோஸ்தெனீஸ், இன்றைய பஹ்ரைன் தீவில் ஒரு மரத்தின் இலைகள் இரவில் குவிவதைக் குறித்து வைத்தார்; அது புளிய மரம் என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள். இலையை ஏன் மூட வேண்டும் என்பதற்கு, குளிரிலிருந்து காத்துக்கொள்ளத்தான் என்று டார்வின் கருதினார். வேறு விளக்கங்களும் உண்டு, ஒருமித்த முடிவு இன்னும் எட்டப்படவில்லை. இரவில் புளிய மரத்தடியில் படுக்கக் கூடாது என்பதற்கும் இலை மூடுவதற்கும் தொடர்பில்லை என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். இரவில் எல்லா மரங்களும் கரியமில வாயுவை வெளிவிடும், திறந்த வெளியில் அது காற்றோடு கலந்துவிடும்.

விவசாயி, மன்னார்குடி: ஒட்டடையான் போன்ற பழைய நீண்டகால நெல்லை முன்னே விதைத்தாலும் சற்றுப் பின்னே விதைத்தாலும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் கதிர் வரும் என்று என் தகப்பனார் சொல்வார். இப்போதைய குறுகியகால இரகங்கள் நாள் கணக்கில் வருகின்றன. இன்னொன்று: சாலையோரத் தெருவிளக்குக்குக் கீழே உள்ள பழைய இரகப் பயிர் மட்டும் கதிர் வாங்கத் தாமதிக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, இரண்டும் ஒரே கேள்வி என்றே சொல்லலாம். உங்கள் தகப்பனார் கண்டதை அறிவியல் உலகம் 1920இல்தான் எழுதி வைத்தது. அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இருவர், மேரிலாந்து மாமத் என்ற புகையிலை இரகம் கோடையில் பூக்காமல் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போவதையும், குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்தில் குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடுவதையும் கண்டார்கள். வெப்பம், ஈரம், உரம் என ஒவ்வொன்றாக ஒதுக்கிய பின்பு, கோடையிலும் செடிகளை மாலையில் இருட்டறைக்குள் தள்ளிப் பகலைச் சுருக்கிப் பார்த்தார்கள், புகையிலை பூத்தது. செடி பருவத்தை அறிவது பகலின் நீளத்தைக் கொண்டு என்பது அதனால் தெளிவாயிற்று. உண்மையில் அது அளப்பது பகலை அன்று, இரவை என்பது பின்னர் தெரியவந்தது. 1938இல் ஹாம்னரும் பானரும் காக்கில்பர் என்ற களைச்செடியை நீண்ட இரவில் வைத்து, நடுவில் சிறிது நேரம் விளக்கைக் காட்டினார்கள்; செடி பூக்க மறுத்தது. ஓர் இரவை இரண்டாக வெட்டினால் செடி அதை இரண்டு குறுகிய இரவுகளாக எண்ணிக்கொள்கிறது. இங்கும் வெளிச்சத்தைக் காண்பது, முளைப்பாரியில் நாம் சந்தித்த பைட்டோகுரோம்தான்.

பழைய சம்பா வகைகள் பலவும் இப்படி இரவு நீளும்போது கதிர் கட்டுபவை. தஞ்சைப் பகுதியில் ஆனி மாதத்து மிக நீண்ட பகலுக்கும் மார்கழி மாதத்து மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் மட்டுமே. அந்தச் சிறிய வேறுபாடு மாதக்கணக்கில் நாளுக்குச் சில நொடிகளாக நகர்வதை நெல் கணக்கில் வைத்துக்கொள்கிறது. பகல் நீளத்தில் அரை மணி நேர வேறுபாடே நெல்லில் பூக்கும் குறிப்பைத் திறக்கவோ அடைக்கவோ போதுமானது என்று 2010இல் ஜப்பானியர்கள் மரபணு அளவில் காட்டினார்கள். முன்னே விதைத்த பயிர் கூடுதல் நாட்கள் தழைத்துக் காத்திருக்கும், பின்னே விதைத்தது குறைந்த நாட்களிலேயே கதிருக்கு வந்துவிடும். இரண்டும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் தலைகாட்டும். ஆடிப்பட்டம் தேடி விதை என்ற சொல்லில் பட்டம் என்பதற்கு எவ்வளவு பொருள் அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். பசுமைப் புரட்சிக் காலத்தில், 1966இல் வெளியான ஐ.ஆர்.8 முதலாக, பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத இரகங்களையே விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். எந்த மாதத்தில் நட்டாலும் நாள் கணக்கில் விளைவதும் ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் எடுப்பதும் அதனால்தான் இயன்றன. நெல்லின் நெடுநாள் கவனத்தை நாம் வேண்டுமென்றே மறக்கடித்தோம் என்று சொன்னால் மிகையாகாது. அதற்கு ஈடாகக் கிடைத்ததும் சிறிதன்று.

பகலை உணர்வது இலை, பூப்பதோ நுனி. இலையிலிருந்து நுனிக்கு ஏதோ ஒரு தூது போகிறது என்று ரஷ்ய அறிஞர் சைலாக்யான் 1930களில் கூறி, அதற்குப் புளோரிஜன் என்று பெயரும் வைத்தார். எழுபது ஆண்டுகள் பலரும் தேடியும் கிடைக்காத அந்தத் தூது, இலையில் உருவாகி, உணவைக் கொண்டுசெல்லும் குழாய் வழியே நுனிக்குச் செல்லும் ஒரு சிறு புரதம் என்பது 2007இல் உறுதியானது. அதைக் கண்டறிந்த செடிகளுள் ஒன்று நெல்.

தெருவிளக்குக்கு வருவோம். விளக்கடியில் உள்ள பயிருக்கு இரவு நீளவே இல்லை. எனவே அது கோடை முடியவில்லை என்றே எண்ணி இலையாகவே தழைக்கிறது. இதே பண்பைச் செவ்வந்தி வளர்ப்போர் பயனாக்கிக்கொள்கிறார்கள். பசுமைக்குடிலில் நடு இரவில் விளக்கெரித்துப் பூப்பதைத் தள்ளிப்போட்டுக் காம்பை நீளவிட்டு, பின்னர் கறுப்புத் துணி மூடிப் பகலைச் சுருக்கி, வேண்டிய நாளில் பூக்கவைக்கிறார்கள். உங்கள் வயலுக்கு எளிய வழி, விளக்கின் வயல் பக்கத்தை மறைக்கும் தகடு ஒன்றைப் பொருத்தித்தருமாறு உள்ளாட்சியிடம் கேட்பது. அதுவரை அந்த ஓரத்தில் மட்டும் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத இரகத்தை நடலாம்.

விவசாயி, திருக்குவளை: வெள்ளத்தில் முழுவதும் மூழ்கிய நெல் ஒரு வாரத்தில் அழுகிவிடுகிறது. சி.ஆர்.1009 சப்-1 மட்டும் பல நாட்கள் கழித்து நீர் வடிந்தபின் மீண்டும் துளிர்க்கிறது. இரண்டும் நெல்தானே?

மூழ்கியதை நெல் அறிவது எத்திலீன் என்ற வாயுவைக் கொண்டு. இலையிலிருந்து எப்போதும் சிறிதளவு வெளியேறிக்கொண்டிருக்கும் அந்த வாயு, காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஆகவே மூழ்கிய பயிருக்குள் அது தேங்குகிறது. அந்தத் தேக்கமே அபாய அறிவிப்பு. அதைக் கேட்டதும் சாதாரண நெல் இலையை நீட்டி நீருக்கு மேலே வரப் பார்க்கிறது. வெளிச்சமும் காற்றும் குறைந்த நீருக்கடியில் கையிருப்பு மாவுச்சத்தை எல்லாம் அதில் செலவிட்டுவிட்டு, நீர் வடியும்போது எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் சாய்கிறது.

சப்-1 இரகங்களில் உள்ள மரபணு இதற்கு நேர்மாறானதைச் செய்கிறது. எத்திலீன் தேங்கியதும் வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோனின் பேச்சை அது அடக்கி, மாவுச்சத்தைச் செலவழிக்காமல் பயிரை அப்படியே மூச்சடக்கி இருக்கச் செய்கிறது. இரண்டு வாரம் வரை இவ்வாறு தாங்க முடியும். நீர் கலங்கலாகவும் சூடாகவும் இருந்தால் அந்த நாட்கள் குறையும். இம்மரபணு ஒடிசாவின் பழைய நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர்.13ஏ என்ற இரகத்திலிருந்து வந்தது. 2006இல் அது அடையாளம் காணப்பட்டது. 2009இல் ஸ்வர்ணா சப்-1 இந்தியாவில் வெளியிடப்பட்டது. பின்னர் நம் பகுதியில் பொன்மணி என்று அறியப்படும் சி.ஆர்.1009 இரகத்திலும் அதைச் சேர்த்தார்கள். இது மரபணுவை வெளியிலிருந்து புகுத்திய நெல் அன்று. நெல்லோடு நெல்லை ஒட்டுச்சேர்த்துத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தது.

வங்கதேசம், தாய்லாந்து போன்ற இடங்களின் ஆழ்நீர் நெல்லோ மூன்றாவது வகை. நீர்மட்டம் ஏற ஏற அதுவும் ஏறும். ஒரே நாளில் 20 முதல் 25 சென்டிமீட்டர் வரை தண்டு நீளக்கூடும். அதற்குக் காரணமான மரபணுக்களை ஜப்பானியர் 2009இல் கண்டுபிடித்து, நீச்சல்காரர் மூச்சுவிடும் குழலின் பெயரால் ஸ்நார்க்கெல் என்று அழைத்தார்கள். அவையும் சப்-1 மரபணுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, ஒரே எத்திலீனைக் கேட்டு எழுபவை. ஒன்று ஓடு என்கிறது, மற்றொன்று அசையாதே என்கிறது. சில நாள் வந்து வடியும் நம் கடைமடை வெள்ளத்துக்கு அசையாமல் இருப்பதே சரி. மாதக்கணக்கில் தேங்கும் நிலத்தில் சப்-1 நெல்லை நட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

வாசகி, தேனி: எத்திலீன் என்பது வாழைக்காய் பழுக்கவைக்கும் வாயு அல்லவா? வாழைத்தாரை மூட்டம் போடும்போது புகைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

அதே வாயுதான். 1901இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நெல்யுபோவ் என்ற இளம் ஆய்வாளர், தம் ஆய்வறையின் பட்டாணி முளைகள் தடித்துக் குட்டையாகிப் பக்கவாட்டில் படர்வதைப் பார்த்து, விளக்கெரிக்கும் நிலக்கரி வாயுவில் உள்ள எத்திலீனே காரணம் என்று கண்டார். செடிகளே அதை உற்பத்தி செய்கின்றன என்பதை 1934இல் இங்கிலாந்தின் ரிச்சர்டு கேன், பழுக்கும் ஆப்பிள்களைக் கொண்டு நிறுவினார். வைக்கோலும் சருகும் அரைகுறையாகப் புகைந்து எரியும்போது எத்திலீனும் சிறிதளவு வெளிப்படுகிறது. மூடிய அறையில் அது தாரைத் தொட்டதும், வாழைக்காய் தானே எத்திலீனை உற்பத்தி செய்யத் தொடங்கிவிடும். ஒரு காய் வெளிவிடுவது அடுத்த காயைத் தூண்ட, தார் முழுவதும் ஒன்றாகப் பழுக்கிறது. அரிசிப் பானைக்குள் மாங்காயைப் புதைப்பதும் அது வெளிவிடும் வாயுவை வெளியேறவிடாமல் தேக்கத்தான்.

கால்சியம் கார்பைடு கல் வைப்பது வேறு. ஈரம் பட்டதும் அதிலிருந்து எழும் அசிட்டிலீன் ஓரளவு எத்திலீன்போல் நடிக்கும். தோலின் நிறம் மாறும். தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பு இருப்பதால் பழம் பழுக்கவைக்க அதைப் பயன்படுத்துவது நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுள்ளது. எத்திலீன் வாயுவை அறைக்குள் 100 பி.பி.எம். (பத்து இலட்சத்தில் நூறு பங்கு) அளவுக்கு மிகாமல் செலுத்திப் பழுக்கவைக்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் இசைவு தந்திருக்கிறது. வீட்டுக்கு ஒரு சீப்பு மட்டும் வேண்டுமென்றால், பழுத்த பழம் ஒன்றோடு காகிதப் பையில் போட்டு வாயைக் கட்டி வையுங்கள்.